தாராபுரம் சாலையில் இரண்டு வெளிநாட்டினர்

போன கார்த்திகையில் நான்கு நாட்கள் திருப்பூர்ப் பக்கம் இருந்தேன். ராணுவ ஆராய்ச்சியைப் பார்க்கப் போனேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ராணுவ ஆராய்ச்சி என்றதும் நமக்கு ஏவுகணை ஞாபகம் வருகிறது. ஆனால் பனிமலையில் நிற்கும் சிப்பாய் துப்பாக்கியை எடுப்பதற்கு முன்னால் பனியனைப் போட்டாக வேண்டும். அந்தப் பனியன் வேர்வையை வெளியே தள்ள வேண்டும், நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டக் கூடாது, இருபது தடவை துவைத்தாலும் சுருங்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஓர் ஆராய்ச்சிக் கூடமும் அதற்கு விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள்.

நாடுகள் தங்கள் ஆயுதங்களை யாருடைய மூளையால் செய்தன என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த மூளையால் மட்டுமே செய்த நாடு எதுவும் எனக்கு அகப்படவில்லை. மைசூர் அரசுக்குப் பீரங்கி வார்த்துக் கொடுக்கப் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். அணுகுண்டைச் செய்தவர்களில் முக்கியமான பலர் ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி ஓடி வந்த அகதிகள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், தோற்ற நாட்டின் ராக்கெட்காரர்களை வென்ற நாடுகள் பாகப்பிரிவினையில் பாத்திரம் பிரிப்பது போலப் பிரித்துக்கொண்டன. அப்போதுதான் சுப்பு தொலைபேசியில் அழைத்தான்.

சுப்பு கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். அந்த வயதிலேயே என்னை ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவான். சண்டை போட்டாலும் மரியாதை குறையாது. மூன்று தலைமுறையாகத் துணி பார்த்த குடும்பம். இப்போது தாராபுரம் சாலையில் பின்னலாடை ஆலை வைத்திருக்கிறான். “நம்ம கம்பெனில ராணுவத்துக்கு ட்ரையல் ஓடுதுங்க. இத்தாலிலிருந்து நிபுணர் வந்திருக்காரு. கவர்மெண்டே பர்மிஷன் குடுத்திருக்குது. வந்து பாத்துட்டுப் போங்க” என்றான். படித்துக்கொண்டிருந்தது நேரிலேயே நடக்கும்போது போகாமல் இருக்க முடியுமா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், இடங்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

திங்கட்கிழமை காலை 6.10-க்குச் சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கோவை ரயிலைப் பிடித்தேன். ஒரு மணி வாக்கில் திருப்பூரில் இறக்கிவிடும். சாதாரண இருக்கைக்கு இருநூறு ரூபாயை ஒட்டி ஆகும். குளிர்சாதனப் பெட்டி அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். சாதாரணப் பெட்டியில் போனால் பாதிப் பேர் ஒடியாவிலும் இந்தியிலும் பேசிக்கொண்டு வருவார்கள். அவர்கள் தூங்கி எழுந்து பைகளை இறக்க ஆரம்பித்தால் திருப்பூர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ரயில் நிலையத்திலிருந்து பழைய பேருந்து நிலையம் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “எந்த பையருங்க?” என்றார். துணி வாங்க வரும் வெளியூர், வெளிநாட்டு வியாபாரிக்கு இங்கே அதுதான் பெயர்.

“பையர் இல்லைங்க.”

“அப்ப ஆடிட்டுங்களா?”

“அதுவும் இல்லைங்க. சும்மா ஊர் பாக்க வந்தேன்.”

அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்கறையோடு கேட்டார். “ஒடம்புக்கு ஏதும் சரியில்லீங்களா?”

தாராபுரம் பேருந்தில் ஏறி இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். திருப்பூரின் நெரிசல் தாண்டியதும் தென்னந்தோப்பு, சோளக்காடு, காற்றாலை என்று மாறி மாறி வரும். இடையிடையே தகரக்கூரை போட்ட ஆலைகள். சுப்புவின் ஆலை சாலையை ஒட்டியே இருக்கிறது. உள்ளே புதிதாக ஒரு ஷெட். அதன் கதவில் ஒரு பலகை: ‘சோதனைப் பிரிவு. இந்தியக் குடிமக்களும் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிபுணர்களும் மட்டும்.’ வாசல் கேட்டில் காவலர் முத்தையா, தென்காசிப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற ஹவில்தார்.

“ஆதார் இருக்கா சார்?”

“இருக்கு.”

“அப்ப போங்க.”

நூலுக்கும் கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாத நான் நாட்டின் பாதுகாப்பு ரகசியத்துக்குள் இவ்வளவு சுலபமாகப் போனேன். உள்ளே வட்டமான இயந்திரங்கள் இரண்டு, உடம்புச் சுற்றளவுக்குக் குழாய் போலத் துணியைப் பின்னிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே பாவ்லோ. இயந்திரம் செய்யும் இத்தாலிய நிறுவனத்தின் ஆள், ஐம்பது வயது இருக்கும். பல வாரங்கள் காத்திருந்து, பாஸ்போர்ட்டும் விசாவும் தூதரகக் கடிதமும் கொடுத்து, வெளிநாட்டு நிபுணர் என்று முறைப்படி அனுமதி வாங்கியவர். சுப்பு எல்லோரையும் ‘கண்ணு’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதை ‘ஐயா’ போன்ற பொதுவான மரியாதைச் சொல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அறுபது வயது முத்தையாவையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுகிறார். முத்தையா ஆட்சேபிக்கவில்லை.

சுப்பு முகத்தில் களை இல்லை. மேசையில் ஒரு மாதிரி முழுக்கைப் பனியனை விரித்துக் காட்டினான். துவைத்து எடுத்ததும் முழங்கை இடத்தில் துணி சுருங்கிச் சுருங்கி விறைத்திருந்தது. “போன வாரத்துல மட்டும் மூணு தடவை இப்படி ஆயிருச்சுங்க. புதங்கிழமை லேபிலிருந்து வர்றாங்க. இதக் காட்டுனா சோலி முடிஞ்சுது.”

பாவ்லோ இயந்திரத்தைத் தட்டிக் காட்டினார். “மெஷின் குட், கண்ணு. ஃபேப்ரிக் நாட் குட்.”

“வாங்க, டிசைனரப் பாத்துட்டு வந்தர்லாம்” என்று சுப்பு பனியனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி நடந்தான். பாவ்லோவும் பின்னால் வந்தார், பழனிப் பேருந்துக்குக் கை காட்டி நிறுத்தச் சொல்லிக்கொண்டே.

எதிர்ப்பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டகை. நான்கு நீள மேசைகள், ஒரு பழைய பின்னல் இயந்திரம், ஒரு துவைக்கும் இயந்திரம். அங்கே உட்கார்ந்திருந்தவர் தர்ஷினி. வயது முப்பத்திரண்டு. கோவையில் டெக்ஸ்டைல் பொறியியல் படித்தவர், ஒன்பது வருடமாகச் சுப்புவின் ஆலையில் வேலை, ஆலையில் யாரைவிடவும் சம்பளம் அதிகம். இந்தத் துணியின் அமைப்பு, அதாவது உள்பக்கம் ஒரு நூல், வெளிப்பக்கம் வேறு நூல், இரண்டையும் எங்கே கோர்ப்பது என்கிற கணக்கு முழுக்க இவருடையது. பாவ்லோ அதை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

“ஏன் இவங்க இங்க இருக்காங்க?” என்று சுப்புவிடம் கேட்டேன்.

“அவங்க வெளிநாட்டுக்காரங்க” என்றான், சங்கடமாக.

தர்ஷினி சிரிக்கவில்லை. “தாராபுரம் பெரியாஸ்பத்திரில பொறந்தனுங்க” என்றார்.

பெற்றோர் படகில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். மாவட்டத்தின் தெற்கே ஒரு முகாமில் வீடு. பிறந்தது இங்கேதான் என்றாலும், அப்பா அம்மா இருவரில் ஒருவர்கூட இந்தியக் குடிமகன் இல்லை என்பதால் இவரும் சட்டப்படி வெளிநாட்டவர். ஒன்பது வருடமாக இது யாருக்கும் பெரிய விஷயமாக இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் ஆராய்ச்சிக் கூடம் குழுவினரின் அடையாள அட்டை நகல் கேட்டது. இவர் தன்னிடம் இருந்த ஒரே அட்டையை, அகதி அடையாள அட்டையை, அனுப்பினார். வெளிநாட்டவர் என்றால் வெளிநாட்டு நிபுணர் பிரிவில் விண்ணப்பிக்கவும் என்று பதில் வந்தது. அதற்குப் பாஸ்போர்ட் எண் வேண்டும். விசா வேண்டும். தன் நாட்டுத் தூதரகத்தின் கடிதம் வேண்டும். ஒரு நாடும் இல்லாதவர் வெளிநாட்டவராக இருக்கலாம், ஆனால் வெளிநாட்டு நிபுணராக இருக்க முடியாது.

அதனால் துணி சாலையைத் தாண்டி இவரிடம் வருகிறது. இது திருப்பூர்க்காரர்களுக்கு இயல்பாக வருவது. இந்த ஊரில் எந்தப் பனியனும் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. பின்னுவது ஓரிடம், வெளுப்பது ஓரிடம், தைப்பது ஓரிடம் என்று துணி டெம்போவில் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். அதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். சலான் போட்டு அனுப்பினால் போதும், ஜாப் ஒர்க் செய்பவர் எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. தர்ஷினி ஐந்து மாதமாக ஜாப் ஒர்க்.

அவர் பனியனின் முழங்கையைத் தடவிப் பார்த்தார். இரண்டு விரலால் இழுத்துவிட்டார். பிறகு சுப்புவிடம் கேட்டார். “ராத்திரி துணி எங்கண்ணா படுத்துச்சு?”

“பீரோவுலதான் கண்ணு.”

“சுருட்டுனாப்லயா?”

“சுருட்டி, கவர் போட்டு, டேப் ஒட்டி, சாவிய முத்தையாகிட்டக் குடுத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போறேன்.”

“துணி யார்கிட்டப் போயி ரகசியத்தச் சொல்லீருமுன்னு கட்டிப் போட்டீங்க?”

சுப்பு தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு விளக்கினார்கள். இயந்திரத்திலிருந்து இறங்கும் பின்னல் துணி இழுபட்ட நிலையில் இருக்கும். அதைப் பிரித்துத் தளர்வாக மேசையில் போட்டு ஒரு நாள் விட்டால், தன் அளவுக்குத் தானே திரும்பிவிடும். அதன் பிறகுதான் வெட்ட வேண்டும். இங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் பத்திரமாக வைக்கவும் என்று ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. சுப்பு உடனே இரும்பு பீரோ வாங்கிவிட்டான். துணி இறங்கியதும் சீல். காலையில் சீலை உடைத்ததும் வெட்டு. பாவ்லோ ஐந்து மணிக்குப் போய்விடுவதால் அவருக்கு இது தெரியாது. தர்ஷினிக்கு உள்ளே வர அனுமதி இல்லை. மூன்று தலைமுறையாகத் துணி பார்த்த குடும்பம், அரசாங்கத்தின் ஒரு வரியில் துணியைக் காகிதமாக நினைத்துவிட்டது.

அன்று மாலையே புதிதாகப் பின்னிய துணி சலானோடு கேட்டுக்கு வந்தது. முத்தையா சலானைக் கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். “ரிலாக்சிங்னா, துணிக்கு ரெஸ்டா சார்?”

“ஆமாங்க” என்றான் சுப்பு.

“எனக்கு இருவத்திரெண்டு வருச சர்வீஸ்ல கெடைக்கல” என்று சொல்லிக் கேட்டைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை செய்வதற்கு ஒன்றும் இல்லை. துணி மேசைகளில் மல்லாந்து கிடந்தது. நான் திருப்பூரில் ரயில் நிலையம் அருகே தங்கியிருந்தேன் (அறை ஒரு நாளைக்கு 1,300 ரூபாய், வெந்நீர் காலை எட்டு வரை). பேருந்து பிடித்து மீண்டும் கொட்டகைக்குப் போனேன். தர்ஷினி துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நேத்து உள்ள போனீங்களே, என்ன பாத்தீங்க?”

“மெஷின்.”

“எப்படி ஓடுது?”

“சத்தமா இருந்துச்சு.”

“தேச ரகசியம் உங்ககிட்டப் பத்தரமா இருக்குமுங்க” என்றார்.

நடுவில் அவருக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு. “ஓம் அம்மா, சாப்பிட்டனான். இண்டைக்கு வெள்ளனவே வாறன்” என்று பேச்சே இலங்கைத் தமிழாக மாறிப் போனது. வைத்ததும், முகாமில் மறுநாள் தலையெண்ணும் நாள் என்றார். அதிகாரிகள் வரும்போது எல்லோரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். காலையில் அதை முடித்துவிட்டுத்தான் ராணுவத்தின் பனியனுக்கு வர முடியும்.

குடியுரிமை கேட்டு மனு போட்டு நான்கு வருடம் ஆகிறதாம். நாட்டுக்கு உபயோகமான ஏதாவது செய்ததற்கு ஒரு சான்று வைத்தால் நல்லது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். “இதவிட உபயோகம் என்னங்க பண்றது? நாளைக்கு அவங்க வந்தா ஒரே ஒரு கடிதம் கேக்கலாம்னு இருக்கறேன். இந்தத் துணி இவங்க பண்ணுனதுன்னு. அவ்வளவுதான்.” தட்டுவடையைக் கீழே வைத்துவிட்டார். பனியன் தேறினால் சுப்புவுக்கு ஆர்டர் வரும். அவருக்குத் தேவையானது அந்த ஒரு தாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். என்னைச் சுப்பு முன்னெச்சரிக்கையாக எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டான். தர்ஷினி முகாமில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே வந்து, ஓய்வெடுத்த துணியை வெட்டக் கொடுத்திருந்தார். நாங்கள் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் தைத்து, துவைத்து, உலர்த்தி, இழுத்துப் பார்த்தார்கள். மூன்று மணிக்குக் கேட் திறந்தது. குழுத் தலைவரான விஞ்ஞானி, நரைத்த முடியும் காட்டன் புடவையுமாக, சாலையைத் தாண்டி வந்தார். மதுரையில் பிறந்து வடக்கே முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. கூடவே சுப்பு, பாவ்லோ.

“முழங்கை நல்லா வந்திருக்கு” என்றார் விஞ்ஞானி, நின்றபடியே. “இந்த அமைப்பு யாரோடதுன்னு கேட்டேன். இவர் தன்னோடது இல்லைன்னுட்டார்.”

“நாட் மைன், கண்ணு” என்று பாவ்லோ உறுதிப்படுத்தினார்.

சுப்பு இரண்டு நாற்காலி போட்டான். அடுத்த ஒரு மணி நேரம் விஞ்ஞானியும் தர்ஷினியும் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் இரண்டு பேர் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிப்பதை வைத்து, இருவருக்கும் நல்ல பொழுது என்று தெரிந்தது. கடைசியில் விஞ்ஞானி, “அடுத்து கையுறை. மைனஸ் நாப்பதுல விரலை மடக்கணும், ட்ரிகரை உணரணும். நீங்க எங்ககூட நேரா வேலை செய்யணும்” என்றார்.

தர்ஷினி அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். விஞ்ஞானி படித்தார். திருப்பி வைத்தார்.

“இலங்கைத் தூதரகத்துல பதிஞ்சு ஒரு பாஸ்போர்ட் எடுத்துட்டீங்கன்னா போதும். வெளிநாட்டு நிபுணர்னு உங்களை எடுத்துடலாம். நானே கையெழுத்துப் போடுறேன்” என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

“அத எடுத்தா, நான் அந்த நாட்டுக்காரின்னு நானே எழுதிக் குடுத்ததா ஆயிருமுங்க. அப்பறம் இங்க போட்ட மனு எதுக்கு? நான் அந்த ஊரப் பாத்ததே இல்லீங்க.” பிறகு, நேற்று என்னிடம் சொன்னதைச் சொன்னார். “எனக்கு ஒரு கடிதம் வேணுமுங்க. இந்தத் துணிய நான் பண்ணுனேன்னு.”

விஞ்ஞானி குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நீங்க பண்ணினீங்கன்னு நான் எழுதினா, உங்களைப் பண்ண விட்டது யாருன்னு அடுத்த கேள்வி வரும்மா. இவரோட ஆர்டர் போயிடும். இந்தத் துணியும் கிடப்புக்குப் போயிடும்.”

எல்லோரும் சுப்புவைப் பார்த்தோம். அவன் ஆலையில் நூற்று நாற்பது பேர். அவன் தரையைப் பார்த்து, “கண்ணு, நீ சொல்றதுதான்” என்றான்.

“எல்லாத்தையும் எங்கிட்டயே விட்ருங்கண்ணா. நாட்டையும் சேத்து.”

பிறகு தர்ஷினி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முழங்கைப் பகுதியின் பின்னல் கண்ணி அளவுகள். விஞ்ஞானி பக்கம் தள்ளினார். “இத எடுத்துக்குங்க. குளுருல நிக்கறவங்க எங்கிட்ட எதுவும் கேக்கலியே. என் பேரு வேண்டாம். ஆனா கையுறை நான் பண்றதா இல்லீங்க. எதிர் கேட்டு வழியா உள்ள வர்றன்னிக்குப் பண்றேன்.”

“அது எப்போன்னு தெரியாதே.”

“எனக்குந் தெரியாதுங்க.”

விஞ்ஞானி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, கொடுத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. அதற்கு மேல் செய்ய அவருக்கு விதியில் இடம் இருந்ததாகவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஊர் திரும்பினேன். ரயிலில் என் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அந்த அணுகுண்டு அகதிகளையும் முதலில் சந்தேகப்பட்டார்கள். விசாரித்தார்கள், கண்காணித்தார்கள். ஆனால் அவர்களில் பலரைக் குடிமக்களாக ஆக்கிக்கொண்டுதான் வேலை வாங்கினார்கள். எந்த நாடும் வெளியார் மூளை வேண்டாம் என்று சொன்னதில்லை. நாமும் சொல்லவில்லை. பாவ்லோவுக்குக் கதவைத் திறந்தோம், அதில் தவறில்லை. அவர் நல்ல மனிதர், தன்னுடையது அல்லாததைத் தன்னுடையது என்று சொல்லவில்லை. நம் சிக்கல் வேறு. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரையும் வரவேற்க நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. எங்கிருந்தும் வராதவருக்கு இல்லை. பாதுகாப்பு விதிகள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஷெட்டுக்குள் நான் ஆதார் இருக்கிறது என்று சொல்லியே போய் வந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான ஆலைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை சம்பள நேரம், பேருந்தில் நிற்கவும் இடம் இருக்காது. ஆலைகளுக்குள் போக முன்கூட்டியே யாரையாவது கேட்டு வையுங்கள், படம் எடுக்காதீர்கள். தாராபுரம் வரை போனால் அமராவதிக் கரையில் ஒரு நடை நடக்கலாம். முகாம்களைச் சுற்றுலாவாகப் பார்க்கப் போக வேண்டாம். அனுமதியும் கிடைக்காது, அழகும் இல்லை. நான்கு நாட்களுக்கு எனக்கு ஆறாயிரத்துக்குள் முடிந்தது. ஆதார் கொண்டு போங்கள். இருப்பவர்களுக்கு அது எவ்வளவு லேசான அட்டை என்று அங்கே தெரியும்.

பனியன் மலைச் சோதனையில் தேறிவிட்டது. ஆர்டர் சுப்புவுக்கு. இதை எழுதட்டுமா என்று தர்ஷினியிடம் கேட்டேன். “எழுதுங்க, என்ன எழுதுனாலும் நான் யாருன்னு தெரியாதுல்லங்க” என்றார். அவர் இப்போது சாதாரண ஏற்றுமதித் துணி பார்க்கிறார். கையுறைக்காகப் பாவ்லோ மறுபடி வந்து ஒரு மாதம் தங்கியிருந்தாராம். நான்கு விரல்கள் வந்துவிட்டன.

“கட்டை விரல் பிரியிற எடத்துல கிழியுதுங்க” என்றார் தர்ஷினி. “அத எப்படிப் பிரிக்கறதுன்னு எனக்குத் தெரியும்.”

“சொல்லிக் கொடுத்தீங்களா?”

“இல்லீங்க.”